வயதான பெற்றோரும் சின்னப் பிள்ளைகளுமாக மூன்று நாள் சோழர் கோயில் பயணம்: எதைப் பார்ப்பது, எங்கே எப்போது சாப்பிடுவது?

கேட்டவர் சொன்ன விவரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 6 பேர். அப்பா, அம்மா இருவரும் 65 வயதைத் தாண்டியவர்கள்; அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பிள்ளைகள் இருவர், 8 வயதும் 12 வயதும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் 3 நாள் போகிறார்கள், கையில் 14 கோயில்கள் கொண்ட பட்டியல் இருக்கிறது. எந்த வரிசையில் போவது, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும், பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது கேள்வி.

அந்தப் பட்டியலில் 5 கோயில்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த பயணத்துக்கு விட்டுவிடுங்கள். காரணம் எளிது. இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்களில் பகல் 12 அல்லது 12.30 மணிக்கு நடை சாத்துவார்கள். திரும்பத் திறக்க மாலை 4 மணி ஆகும். ஆக ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டே வேளை. காலையில் ஒரு பெரிய கோயில், மாலையில் ஒன்று. அதற்குமேல் சேர்த்தால் வண்டியில் ஏறி இறங்குவதும் செருப்பு விடும் இடம் தேடுவதும்தான் மிஞ்சும். 12 மணி நெருங்க நெருங்க, நடை சாத்துவதற்குள் இன்னொன்றைப் பார்த்துவிடலாம் என்று ஓடத் தோன்றும். அப்படி ஓடினால் சாப்பாடு 2 மணிக்குத் தள்ளிப்போகும். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அதைச் செய்யவே கூடாது. நடை சாத்தும் 12 மணியை உங்கள் சாப்பாட்டு மணியாக ஆக்கிக்கொள்ளுங்கள். பயணத்தின் மற்ற எல்லாம் அதிலிருந்து தானாக அமைந்துவிடும்.

முதல் நாள் தஞ்சாவூர். காலையில் வந்து சேர்ந்ததும் நேரே பெரிய கோயிலுக்குப் போக மனம் இழுக்கும். போகாதீர்கள். 10 மணிக்கு மேல் அந்தக் கருங்கல் தளம் கொதிக்கத் தொடங்கிவிடும். நடைபாதையில் விரிப்பு போட்டிருந்தாலும், சிற்பம் பார்க்க வேண்டுமானால் விரிப்பைவிட்டு விலகித்தான் ஆக வேண்டும். அப்பா விஷயத்தில் இது மிக முக்கியம். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு உடனே தெரியாது. தங்குமிடம் வந்து பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும், அது ஆறவும் நாளாகும். தடிமனான பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துச் செல்லுங்கள். இரவில் அவருடைய பாதத்தை நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எனவே காலையில் அரண்மனை. அங்குள்ள கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. நிழலில் நடக்கலாம், உட்காரவும் இடம் உண்டு. திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவரை, அதாவது காளை வாகனத்தோடு நிற்கும் சிவனைத் தேடிப் பிடியுங்கள். பக்கத்தில் காளை கிடையாது. ஆனால் காளைமேல் சாய்ந்திருக்கும் அந்தக் கை, பாம்பைச் சுற்றித் தலைப்பாகைபோல் கட்டிய சடை, ஒரு காலில் மட்டும் எடை தாங்கி நிற்கும் இடுப்பு ஆகியவற்றைப் பார்த்தால் காளை அங்கே நிற்பதாகவே தோன்றும். “மாடு எங்கே போச்சு?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள். 12 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். பயணத்தில் தூங்குவது நேரத்தை வீணாக்குவது என்று நினைக்க வேண்டாம். மாலையில் யாரும் முகத்தைச் சுளிக்காமல் நடப்பது அந்தத் தூக்கத்தால்தான்.

மாலை 4.30 வாக்கில் பெரிய கோயில். கி.பி. 1010-இல் ராஜராஜன் கட்டி முடித்தது. கருவறைமேல் எழும் விமானம் ஏறத்தாழ 216 அடி. இந்த ஊரைச் சுற்றிலும் வண்டல் மண்தான், கருங்கல் மலையே கிடையாது. கல் எல்லாம் வெளியிலிருந்து வந்தது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கோயில் கிழக்கு பார்த்தது. மாலை வெயிலில் முன்பக்கம் போய் நின்றால் நிழல் முற்றத்தில் நீண்டு கிடப்பதைப் பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள். இப்படி ஒரு கட்டிடத்துக்குப் பொய்ப் பெருமை எதற்கு? பெரிய நந்தியும் ராஜராஜன் வைத்ததல்ல, அது பிற்பாடு நாயக்கர் காலத்தில் வந்தது.

இரண்டு கோபுரங்களைத் தாண்டித்தான் உள்ளே வருவீர்கள். முதலாவது கேரளாந்தகன் திருவாயில், அடுத்தது ராஜராஜன் திருவாயில். பெரும்பாலானவர்கள் விமானம் கண்ணில் பட்டதும் இந்த இரண்டாவது வாசலை நிமிர்ந்தும் பாராமல் கடந்துவிடுகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர்கள் ஒரே கல்லில் செதுக்கிய பேருருவங்கள். அந்தச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானை எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பையே சிறிதாக்கி நிற்கும் காவலன் எவ்வளவு பெரியவன், அவன் காவல் காக்கும் உள்ளே இருப்பவர் எவ்வளவு பெரியவர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அந்தச் சிற்பி சொல்ல வந்தது முழுவதும் 8 வயதுக் குழந்தைக்குப் புரியும். அதே வாசலின் அடிப்பகுதியில் கண்ணப்பர், மார்க்கண்டேயர் கதைகள் சிறு சிறு கட்டங்களாக இருக்கின்றன. கதை சொல்வதை உங்கள் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். எந்த வழிகாட்டியையும்விட நன்றாகச் சொல்வார்.

பிறகு விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி மெதுவாக நடங்கள். கல்லெல்லாம் எழுத்து. “நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” இந்தக் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் ஆணையிட்டது இங்கேதான். அக்கன் என்பது குந்தவை. அரசன் கொடுத்ததும் அக்காள் கொடுத்ததும் பேர் தெரியாத மற்றவர்கள் கொடுத்ததும் ஒரே வரியில் வருவதை என்னால் ஒவ்வொரு முறையும் நின்று படிக்காமல் போக முடிந்ததில்லை. விளக்கெரிக்க நெய், நெய்க்கு ஆடு, ஆட்டுக்கு இடையர் என்று கணக்குப் போகும். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது சோழர் கால வழக்கு. கோயில் என்றால் கும்பிடும் இடம் மட்டும் என்று நினைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, எத்தனை பேருக்கு அது சோறு போட்டது என்று இதை வைத்துச் சொல்லலாம். கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருக்கின்றன, பொதுமக்களை அங்கே அனுமதிப்பதில்லை. அதனால் அவற்றைக் காணவில்லையே என்று தேடி அலைய வேண்டாம்.

இரவுச் சாப்பாட்டைத் தஞ்சாவூரிலேயே 7.30-க்குள் முடித்துவிடுங்கள். முதல் நாள் இரவு இட்லி, இடியாப்பம் போன்ற ஆவியில் வெந்தவையே நல்லது. பரோட்டாவை முதல் நாளே தொட்டால் மறுநாள் வண்டியில் யாருக்காவது வயிறு கலங்கும்.

இரண்டாம் நாள் விடிந்ததும் கும்பகோணம் கிளம்பலாம், சுமார் 40 கி.மீ. வழியில் பசுபதிகோயிலை அடுத்துப் புள்ளமங்கை இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில். 216 அடி பார்த்த மறுநாளே இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே அடித்தளத்தில் உள்ள சிற்பங்கள் உள்ளங்கை அளவுதான், அந்த அளவுக்குள் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிதாகச் செய்யத் தெரிந்த அதே மரபுக்குச் சிறிதாகச் செய்யவும் தெரிந்திருந்தது என்பது இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் உறைக்கும். ஊருக்குள் இருக்கும் அமைதியான கோயில். கூட்டமோ வரிசையோ கிடையாது, அரை மணி நேரம் போதும். தஞ்சாவூரில் காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டே கிளம்புங்கள், வழியில் தேட வேண்டாம்.

கும்பகோணத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் நன்றாகச் சாப்பிடுவது சுலபம். ஆனால் எந்த நேரத்துக்கு எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால்தான். காலை 7-லிருந்து 9 வரை இட்லி, பொங்கல், வடை சூடாக இருக்கும் நேரம். 11 மணிக்குப் போய்ப் பொங்கல் கேட்டால் அடிப்பாத்திரத்தில் இறுகிப்போனதுதான் வரும். சாப்பாட்டுக்கு 12.15-க்கெல்லாம் உட்கார்ந்துவிடுங்கள். அப்போதுதான் கூட்டும் பொரியலும் முதல் ஈடாக வரும், பரிமாறுபவருக்கும் நிதானம் இருக்கும். 1 மணிக்குப் பிறகு பேருந்துக் கூட்டம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நிற்கத் தொடங்கிவிடும், வயதானவர்கள் அவசரமாக விழுங்க வேண்டியிருக்கும். பிள்ளைகளுக்கு முழுச் சாப்பாடு வாங்கி வீணாக்காமல் சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று தனித்தனியாக வாங்குங்கள். அப்பாவுக்குச் சோற்றைக் குறைத்துக் கூட்டு, பொரியல், ரசம் கூடுதலாகக் கேளுங்கள், கேட்டால் கொடுப்பார்கள். குடிக்க வெந்நீர் என்று சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

நல்ல கடையை அடையாளம் காணப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட, உள்ளூர்க்காரர்கள் தனியாக வந்து அவசரமில்லாமல் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். பக்கத்து அலுவலகத்துக்காரர் தினமும் வரும் கடையில் பழைய சட்னி வைக்க முடியாது. கை கழுவும் இடத்தை முதலில் போய்ப் பார்த்துவிட்டு உட்காரலாம். அது சுத்தமாக இருந்தால் சமையற்கட்டும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இன்னொரு நடைமுறை விஷயம்: கோயிலருகே அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் வசதியான கழிப்பறை கிடைப்பது அரிது. ஒவ்வொரு முறை சாப்பிட உட்காரும்போதும் அதையும் முடித்துக்கொண்டு கிளம்புவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஊரில் கட்டாயம் கேட்க வேண்டியது கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சோம்பும் சேர்ந்த ஒரு குழம்பு. இட்லிக்கும் தோசைக்கும் தொட்டுக்கொள்வது. காரம் மிதமாக இருப்பதால் பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, அதனால் காலையிலேயே “இன்னைக்குக் கடப்பா உண்டா, எத்தனை மணிக்கு?” என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கும்பேசுவரர் கோயில் வாசலை ஒட்டியுள்ள மங்களாம்பிகா விலாஸ் பழைய காபி ஓட்டல். சாமி பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அங்கே உட்கார்ந்து ஒரு காபி குடிக்கலாம். மாநிலம் முழுக்க நெடுஞ்சாலையோரம் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்துப் பித்தளை டபராவில் ஆற்றித் தருகிறார்கள். டபராவில் ஒன்றும் இல்லை. தண்ணீர் கலக்காத பால், அப்போதே இறக்கிய டிகாக்‌ஷன், திரும்பத் திரும்பச் சூடாக்காமல் இருப்பது, இந்த மூன்றுதான் வேண்டும். அது கிடைக்கும் இடத்தில் எவர்சில்வர் டம்ளரில் குடித்தாலும் அதே காபிதான். அப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில கடைகளில் சர்க்கரையைப் போட்டே ஆற்றிவிடுவார்கள்.

மாலை தாராசுரம். கும்பகோணத்திலிருந்து 4 கி.மீ.தான். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது; தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல் அதோடு சேர்ந்தன. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒரே ஒரு கோயில்தான் பார்க்க முடியும் என்றால் இதையே சொல்வேன். பெரிய கோயிலில் குழந்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்; இங்கே எல்லாம் அதன் கண்ணுக்கு நேரே இருக்கிறது. முன் மண்டபமே சக்கரமும் குதிரையும் பூட்டிய தேர். ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் யானையும் காளையும் ஓரிடத்தில் உண்டு. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. தட்டினால் ஒலிக்கும் படிகள் பலிபீடத்தருகே இருக்கின்றன. இப்போது கம்பி போட்டுவிட்டார்கள், எத்தனையோ பேர் தட்டித் தட்டித் தேய்த்த பிறகு அது சரிதான்.

ஆனால் இந்தக் கோயிலின் உயிர் கருவறை வெளிச்சுவரின் கீழ்வரிசையில் இருக்கிறது. 63 நாயன்மார்களின் வாழ்க்கை சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகிறது. குனிந்து பார்க்கத் தெரியாதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில்; அவன் மகன்தான் இந்தக் கோயிலைக் கட்டிய இரண்டாம் ராஜராஜன். தந்தை காலத்தில் பாடியது மகன் காலத்தில் கல்லாகிவிட்டது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்கும் காட்சியைத் தேடிக் கண்டுபிடிப்பவருக்கு ராத்திரி ஒரு நெய்த்தோசை என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் உட்காருங்கள். பிள்ளைகள் ஒரு மணி நேரம் அந்தச் சுவரைவிட்டு அகல மாட்டார்கள். மழைக்காலத்தில் போனால் கோயிலின் தாழ்ந்த முன்பகுதியில் தண்ணீர் தேங்கும். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலை கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்ச் சேரலாம். இங்கேதான் சாப்பாட்டு விஷயத்தில் முன்யோசனை வேண்டும். கோயிலைச் சுற்றி டீக்கடையும் சிறு கடைகளும் தவிர 6 பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி அதிகம் இல்லை. முந்தின இரவே ஓட்டலில் சொல்லி, காலை 6.30-க்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லியைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். சட்னியும் சாம்பாரும் வேண்டாம். சட்னி வெயிலில் புளிக்கும், சாம்பார் பையில் கொட்டும். பொடி இட்லி மத்தியானம் வரை கெடாது. கோயிலுக்கு வெளியே மரத்தடியில் சாப்பிட்டுவிட்டு, இலையையும் காகிதத்தையும் மறக்காமல் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறுவது. ராஜேந்திரன் கட்டிய இந்த விமானம் உள்வாங்கி வளைந்து ஏறுவது. தன் அப்பா ராஜராஜன் கட்டியதைவிட உயரமாகக் கட்ட முடியாதவனல்ல. சற்றுக் குறைத்தே கட்டினான். வடக்கு வாசற்படி அருகே சிவனடியார் சண்டேசருக்குச் சிவன் மாலை சூட்டும் சிற்பத்தின் முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். குனிந்து, தன் கையால் ஒரு பிள்ளையின் தலையில் பூவைச் சுற்றுகிறார். ராஜேந்திரனுக்கே சூட்டுவதாக அதைப் பார்ப்பவர்களும் உண்டு. எதிரே அமர்ந்திருக்கும் ஞான சரசுவதியையும் விட்டுவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் கீழணை கட்டியபோது இந்தக் கோயிலின் சுற்றுமதிலிலிருந்து கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வரும் வழியில் அணைக்கரையில் நீங்கள் கடந்த அணை அதுதான். திரும்பும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

மத்தியானம் கும்பகோணம் திரும்பிச் சாப்பிட்டு ஓய்வெடுத்தபின், ரயிலுக்கு நேரம் இருந்தால் நாகேசுவரன் கோயில். கருவறைச் சுவரில் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆண்களும் பெண்களும் நிற்கிறார்கள். முற்சோழர் காலத்து வேலை. யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத அந்த முகங்களில் இருக்கும் நளினம் பிற்காலப் பெரிய கோயில்கள் எதிலும் கிடையாது. அம்மாவுக்குப் பெருமாள் தரிசனம் வேண்டுமென்றால் திருநாகேசுவரத்தில் ஒப்பிலியப்பன். அங்கே நைவேத்தியத்தில் உப்பே கிடையாது. மார்க்கண்டேயர் மகளாக வளர்ந்த பூமிதேவிக்கு உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத வயது, உப்பில்லாமலே உண்பேன் என்று பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்பது தல வரலாறு. கதையை முன்பே சொல்லிவிட்டுப் பிரசாதத்தைக் கையில் கொடுங்கள். சாப்பாட்டில் குற்றம் சொல்லும் குழந்தையும் பேசாமல் சாப்பிடும். உப்புப் போட்ட தின்பண்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டாம்.

சுவாமிமலை முருகன் கோயிலுக்கும் போவதானால், அங்கே மலைமேல் ஏற 60 படி. அப்பாவுக்கு முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் அவரும் நீங்களும் கீழே சிற்பக்கூடம் ஒன்றுக்குப் போய்விடலாம். மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டல் பூசி, சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். முதல் நாள் கலைக்கூடத்தில் பார்த்த திருமேனிகளும் மெழுகு வார்ப்பில் பிறந்தவைதான். வேலை நடக்கும் நேரம், அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

உங்கள் பட்டியலில் நவக்கிரகத் தலங்கள் ஒன்பதும் இருந்தன. அது வேறு பயணம். ஒன்றுக்கொன்று தூரம், திங்களூர் திருவையாற்றுப் பக்கம், திருநள்ளாறு காரைக்கால் பக்கம். வேண்டுதல் இருந்தால் அதற்கென்று ஒரு நாளைத் தனியாக ஒதுக்குங்கள். அன்றைக்குச் சிற்பம் பார்க்கும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இரண்டையும் கலந்தால் இரண்டும் நிறைவாக இராது.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள். பிரதோஷத்தன்று மாலை தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தி அபிஷேகத்துக்குப் பெருங்கூட்டம் வரும். அம்மாவுக்கு அது பெரும் மகிழ்ச்சி, சக்கர நாற்காலியோடு வருபவருக்குப் பெரும் சிரமம். ஐப்பசிப் பௌர்ணமியில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். அந்த மிகப் பெரிய லிங்கம் முழுக்க வெந்த சோற்றால் மூடப்படும், பிறகு அதையே பிரசாதமாகக் கொடுப்பார்கள். அதைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும், வரிசை நீளமாக இருக்கும், அப்பாவுக்குப் பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இருக்கட்டும். சண்டேசரையும் சரசுவதியையும் அமைதியாகப் பார்க்க வேண்டுமானால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.